உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

நான் பூல் (மேசையில் கோலால் பந்தை அடிக்கும் ஆட்டம்) விளையாடும் ஹாலில், க்யூ என்ற ஆட்டக்கோலின் நுனித்தோலை, அதாவது டிப்பை, மாற்ற வேண்டுமென்றால் க்யூ பெரும்பாலும் என் கைக்குத்தான் வரும். வந்ததும் டிப்பைப் பார்ப்பதற்கு முன்னால் ஷாஃப்ட்டின், அதாவது கோலின் முன்பாதியின், நுனியில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். நிறைய க்யூக்களில் டிப்புக்குக் கீழே இருக்கும் ஃபெரூல் என்ற பூண் முடிந்து மரம் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் படி தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். ஃபெரூல் கெட்டி, உப்புத்தாளுக்கு லேசில் தேயாது. பக்கத்தில் இருக்கும் மேப்பிள் மரம் தேய்ந்துவிடும். அந்தப் படி இருந்தால், அந்த க்யூவை யாரோ அக்கறையோடு அடிக்கடி தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அக்கறை நல்லதுதான், உப்புத்தாள்தான் கெடுதல். பூல் ஷாஃப்ட்டின் நுனி பொதுவாக 12 முதல் 13 மில்லிமீட்டர். அதில் அரை மில்லிமீட்டர் குறைந்தாலே முன்கை விரல்களால் போடும் வளையத்துக்குள் க்யூ வேறு மாதிரி ஓடும், பக்கவாட்டில் சுழல் கொடுத்து அடிக்கும்போது வெள்ளைப் பந்து விலகும் அளவும் மாறும். கடைந்தவர் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த தடிமன் அது. போனால் திரும்பாது.

சரி, ஷாஃப்ட் ஏன் பிசுபிசுக்கிறது? கை வியர்வையும் சாக் (chalk) தூளும் சேர்ந்துதான். நாம் டிப்பில் பூசும் அந்த நீலக் கட்டி, 1897-இல் ஆட்டக்காரர் வில்லியம் ஸ்பிங்க்ஸும் வேதியியலாளர் வில்லியம் ஹாஸ்கின்ஸும் காப்புரிமை வாங்கிய கலவையின் வழியில் வந்தது. அவர்கள் சேர்த்தது சிலிக்காவும் குருந்தக்கல் தூளும். சொரசொரப்பான துகள்கள் என்பதால்தான் தோல் டிப் பந்தைப் பிடிக்கிறது. அதே துகள்கள் வியர்வையோடு சேர்ந்து மரத்தின் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்கின்றன. அழுக்கு மரத்தின் மேலே இருக்கிறது. அதை எடுக்க மரத்தையே சுரண்ட வேண்டியதில்லை.

ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுக் கேஸில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆட்டத்துக்கு முன் கையைக் கழுவுவது மீதியில் பெரும்பங்கு. அப்படியும் பிசுபிசுத்தால் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒரு இழுப்பு, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு இழுப்பு. நீலக்கறை போகவில்லையென்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அது சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் மரம் அவ்வளவாக ஊறாது. ஆனால் கையில் பிடிக்கும் பின்பாதியான பட் பகுதியின் வார்னிஷில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சும் கறையை எடுக்கும்; அதுவும் நுணுக்கமான உப்புத்தாள் மாதிரிதான் என்பதை மறக்காமல் எப்போதாவது பயன்படுத்துங்கள்.

ஈரம் பட்டதும் மரத்தின் நார்கள் லேசாக எழுந்து நிற்கும், தொட்டால் சொரசொரவென்று இருக்கும். இங்கேதான் பலர் மறுபடி உப்புத்தாளை எடுக்கிறார்கள். அதற்குப் பதில் ஒரு தோல் துண்டையோ வெறும் வெள்ளைத் தாளையோ ஷாஃப்ட்டைச் சுற்றிப் பிடித்து, உள்ளங்கையில் சூடு தெரியும்வரை வேகமாக மேலும் கீழும் தேயுங்கள். நார்கள் படுத்துக்கொள்ளும், மரம் கண்ணாடி போல ஆகிவிடும். எனக்குப் பிடித்த வேலை இது. பிறகு வேண்டுமானால் கார்னபா மெழுகை மிக மெல்லியதாகப் பூசித் துடைத்தெடுக்கலாம். கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. ஆல்கஹாலில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

சொட்டை விழுந்த ஷாஃப்ட்டையும் தேய்த்துச் சமப்படுத்தப் பார்க்கிறார்கள். வேண்டாம். சொட்டை என்பது நார்கள் அமுங்கிக் கிடப்பது. ஈரம் கொடுத்தால் எழுந்துவிடும். டிஷ்யூ தாளில் சொட்டை அளவுக்கு ஒரு துணுக்கைக் கிழித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்து, அதன்மேல் மட்டும் ஒட்டுங்கள். சில நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் பள்ளம் இருந்த இடம் சற்றே மேடாகத் தெரியும். பயப்பட வேண்டாம், உலர்ந்ததும் இறங்கும். ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில் தோல் துண்டால் தேய்த்தால் எங்கே இருந்தது என்று தேட வேண்டும். மேசை விளிம்பிலோ திருகாணியிலோ இடித்து மரத்தின் நார் அறுந்திருந்தால் மட்டும் இது பலிக்காது.

டிப்புக்கு வருகிறேன். தோல் பக்கவாட்டில் பிதுங்கிக் காளான் மாதிரி விரிந்தால் ஓரத்தைச் செதுக்க வேண்டும். சாக் தூள் ஒட்டாமல் மேற்பரப்பு பளபளத்தால் மட்டும் லேசாகக் கீறிவிடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் கீறுவது தோலைத்தான் தின்னும். ஓரத்தில் தோல் ஒரு நாணயத்தின் கனத்துக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அடி நேராக ஃபெரூலில் இறங்கி அதைப் பிளக்கும். மாற்றும்போது பழைய பசையைச் சுத்தமாக எடுத்து இரண்டு பரப்பையும் தட்டையாக்குவதில்தான் நேரம் போக வேண்டும்.

வளைவுக்குக் காரணம் பெரும்பாலும் வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறி அடிப்பதுதான். வெயிலில் நிற்கும் காருக்குள் க்யூவை விடாதீர்கள். சுவரில் சாய்த்து வைப்பதையும் தவிர்க்கலாம்; வளைகிறதோ இல்லையோ, சரிந்து விழுந்தால் சொட்டை நிச்சயம். நேராக இருக்கிறதா என்று பார்க்க ஷாஃப்ட்டை மட்டும் தனியாக மேசையில் உருட்டி, அதற்கும் மேசைத் துணிக்கும் நடுவே தெரியும் வெளிச்சத்தைக் கவனியுங்கள். வெளிச்சம் ஏறி இறங்கினால் வளைவு இருக்கிறது. லேசான வளைவோடு பல வருஷம் நன்றாக ஆடலாம், நிமிர்த்தும் முயற்சிகள் நிலைப்பதில்லை.

அப்புறம் அந்தச் சத்தம். அடிக்கும்போது க்யூவுக்குள் ஏதோ அதிர்கிறது என்று கொண்டுவருவார்கள். முதலில் கோலின் இரு பாதிகளும் சேரும் ஜாயிண்ட் முகத்தில் தூசி இருக்கிறதா என்று பார்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். அதில் போகாவிட்டால், பட் பகுதியின் அடியில் இருக்கும் ரப்பர் பம்பரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கோலுக்கு எடை கூட்டுவதற்காக இருக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம். பல க்யூக்களில் ஆலன் கீயால் அரைத் திருகு போதும்.