சென்னையில் அடுக்ககம் வாங்குவோர் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்?

வீடு வாங்குவோர் விலையையும் இடத்தையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள் என்பது சென்னையைப் பொறுத்தவரை பாதி உண்மைதான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வேளச்சேரி, முடிச்சூர், பெரும்பாக்கம் பக்கம் அடுக்ககம் பார்க்கச் செல்பவர்கள், சதுர அடி என்ன விலை என்பதற்கு முன்பே அங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று விசாரிக்கிறார்கள். அதையும் விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்காமல் எதிரிலுள்ள டீக்கடையில் கேட்கிறார்கள். 2023-இல் மிக்ஜாம் புயலின்போது அதே பகுதிகள் மீண்டும் மூழ்கியதால் இந்த விசாரணை இன்னும் கூர்மையாகியிருக்கிறது.

அடுத்தது கட்டுநரின் பெயர். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்த பிறகு, யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வி எல்லோருக்கும் உறைத்தது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, வாங்குவோர் தரும் தொகையில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும், ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தென்படும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்றெல்லாம் 2016-ஆம் ஆண்டின் ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் விதித்திருப்பது வாங்குவோருக்கு ஓரளவு துணிவைத் தந்திருக்கிறது. ஆனாலும் ரெரா பதிவு எண்ணை மட்டும் நம்பாமல், அதே நிறுவனம் பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய குடியிருப்புக்குச் சென்று லிஃப்டையும் மொட்டைமாடிக் கசிவையும் பார்த்து, சங்கச் செயலாளரிடமும் பேசிவிட்டு வருபவர்களே சரியாக முடிவெடுக்கிறார்கள் என்பேன். நீச்சல் குளத்தையும் மாதிரி வீட்டின் அலங்காரத்தையும் பார்த்து மயங்குவோரும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சென்னைக்காரர்கள் விடாமல் கேட்கும் இன்னொன்று யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டட விதிகளின்படி எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, உயரம் குறைந்த கட்டடத்துக்கு 2, உயரமான அடுக்குமாடிக்கு 3.25 என்பதால், ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு முன்னதில் ஏறத்தாழ 500 சதுர அடி மனை கிடைக்குமென்றால், பின்னதில் 300 கிடைப்பதே பெரிது. கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் நாளில் பேரம் பேச உதவுவது இந்தப் பங்குதான். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வழிவிட்ட பிறகு, இந்தக் கணக்கு வெறும் எதிர்காலக் கற்பனையாக இல்லை.

கடைசித் தயக்கம், இப்போதே வாங்குவதா, கட்டி முடிந்தபின் வாங்குவதா என்பது. கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்குப் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, நிறைவுச் சான்றிதழ் பெற்றபின் வாங்கும் வீட்டுக்கு அது இல்லை. ஆனால் அதுவரை பொறுத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிழக்கு வாசல் வீடுகள் மிஞ்சுவதில்லை. வரியை மிச்சப்படுத்துவதா, வாஸ்துவை விட்டுக்கொடுக்காமல் இருப்பதா என்ற வாதத்தில் பல குடும்பங்களில் வீட்டுப் பெரியவர்களின் சொல்லே எடுபடுகிறது.