சேர்வராயன் மலையில் பழைய ஜெய்ஸும் புதிய நிகானும்

பறவை பார்க்க இரண்டு பைனாகுலர்கள்: ஒரு கையில் ஜெய்ஸ் டயலிட் 7×42 (7 மடங்கு பெரிதாக்கும், பெரிய லென்ஸ் 42 மி.மீ.), இன்னொரு கையில் 2021இல் வந்த நிகான் மோனார்க் எம்7 8×42. டயலிட் இப்போது செகண்ட் ஹாண்டில் மட்டும்தான் கிடைக்கும். எடை 800 கிராம் அளவில் வரும். எம்7 எடை 670 கிராம்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோகும் முன், டயலிட்டில் பேஸ் கோட்டிங் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இதற்குள் தலைகீழ்ப் படத்தை நிமிர்த்தும் ரூஃப் பிரிசம் என்ற கண்ணாடிக் கட்டையின் கூரை போன்ற விளிம்பில் ஒளி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும்போது, ஒளி அலைகளின் கட்டம் (பேஸ், phase) மாறிப்போய் படம் மங்கும். அதைச் சரிசெய்யும் கோட்டிங்கை ஜெய்ஸ் 1988இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தையவையும் சந்தையில் அதே விலைக்கு வருகின்றன. லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, பெரிய லென்ஸ் பக்கத்தை அதற்கு நேராகப் பிடியுங்கள். கண்வைக்கும் பக்கம் ஒரு போலராய்டு கூலிங் கிளாஸை வைத்து, கண்ணை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். தெரியும் சின்ன வட்டம் நடுவில் கோடு போட்டதுபோல் பாதி கறுத்து, பாதி வெளுத்து நின்றால் கோட்டிங் இல்லை. முழு வட்டமும் ஒன்றாகவே மங்கித் தெளிந்தால் இருக்கிறது.

காப்பித் தோட்டத்தில், சில்வர் ஓக் நிழலில், விடிந்தும் விடியாத நேரத்தில் டயலிட்தான் கை ஓங்கி நிற்கிறது. 42ஐ 7ஆல் வகுத்தால் வெளிவரும் ஒளிக்கற்றை 6 மி.மீ.; எம்7இல் 5.25. பரப்பில் கணக்குப் போட்டால் 30 சதவீதம் அதிகம். ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களின் கண்மணி பெரும்பாலும் அவ்வளவு விரியாது, ஆகவே அந்த 30 சதவீதத்தை நம்பி வாங்க வேண்டாம். நிஜமான லாபம் வேறு: கண் கொஞ்சம் விலகினாலும் படம் கறுக்காது, 7 மடங்கில் கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். டயலிட்டில் இருக்கும் அபே-கோனிக் வகைப் பிரிசத்தில், ஒளியைத் திருப்ப முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பூச்சு தேவைப்படும் முகமே கிடையாது; அதனால் அங்கே ஒளி வீணாவதில்லை. 1000 மீட்டர் தூரத்தில் டயலிட்டில் 150 மீட்டர் அகலம் தெரியும், எம்7இல் 145. இந்த 5 மீட்டரைப் பெரிதாகப் பேசுவது சும்மா.

மிளகுக்கொடியில் வந்து உட்காரும் செம்மீசைச் சின்னானைக் கிட்டத்தில் பார்க்க நினைத்தால் கதை மாறுகிறது. எம்7 2.5 மீட்டருக்கே ஃபோகஸ் ஆகும். டயலிட்டுக்கு மூன்றரை மீட்டராவது வேண்டும், பின்னால் நகர வழியில்லாத ஒற்றையடிப் பாதையில் அது இடைஞ்சல்தான்.

இந்த மலையில் முடிவு செய்வது லென்ஸ் அல்ல, ஈரம். எம்7 நைட்ரஜன் அடைத்து மூடியது. மூடுபனியில் நனைந்தால் துடைத்துக்கொண்டு நடக்கலாம். டயலிட் அப்படி அடைத்ததல்ல. சேலத்துப் புழுக்கக் காற்று உள்ளேயே இருக்க, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1500 மீட்டர் குளிருக்குப் போனால் உட்பக்கத்திலேயே ஆவி படியும். அது காய்ந்தாலும், திரும்பத் திரும்ப நடந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை கோட்டிங்கை அரித்துவிட்டால் சுத்தம் செய்தாலும் தழும்பு போகாது. வாங்கும்போதே பெரிய லென்ஸ் பக்கம் டார்ச் அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள்: சிலந்தி நூல்போல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, ஒரே சீராகப் புகைபோல் இருந்தால் கிரீஸ் ஆவி. இரண்டாவதைத் துடைத்து எடுத்துவிடலாம்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு டயலிட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் 100 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல்லுடன் மூடி வைத்தால் உள்ளே ஆவி படிவது குறைகிறது. தோல் உறையைக் கழற்றிவிட்டு வையுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். டப்பாவுக்குள் ஈரப்பதமானி 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஜெல் பச்சையானதும் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சாகும்.