யாராவது ஃபைல் கேட்டால் நேரில் வரச் சொல்லுங்கள்

நேற்று முடிவு வந்தது. திரும்ப எடுத்த புள்ளியியல் பாடத்தில் பி பிளஸ். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. போன வருஷம் இதே பாடத்தின் அசைன்மென்ட்டுக்குப் பூஜ்யம்.

நான் யாரையும் பார்த்து எழுதவில்லை, என்னுடையதைக் கொடுத்தேன். மறுநாள் சமர்ப்பிக்க வேண்டும். இரவு ஒரு மணிக்கு நண்பன் வாட்ஸ்அப்பில், "மச்சான், ஃபார்மேட் மட்டும் பாத்துக்கிறேன்டா" என்றான். பகுதி நேர வேலை முடிந்து அப்போதுதான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அறைக்கு வந்திருந்தான். பாவமாக இருந்தது, அனுப்பிவிட்டேன்.

விசாரணையில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மூன்றாவது அட்டவணையில் 47 வரவேண்டிய இடத்தில் நான் 74 என்று தட்டியிருந்தேன். அவனுடையதிலும் 74. இரண்டையும் சுற்றிச் சிவப்பு வட்டம். கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் ஒரே தண்டனை. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

மேல்முறையீடு எழுதும்போது தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மெக்கேப், ட்ரெவினோ இருவரும் 31 கல்லூரிகளில் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டது: மாணவர் காப்பியடிப்பதோடு மிக நெருங்கிய தொடர்புடையது, கூடப் படிப்பவர்கள் காப்பியடிக்கிறார்கள் என்ற எண்ணம்தான். எங்கள் வாட்ஸ்அப் குழுவை நினைத்துக்கொண்டேன்.

காப்பியைக் கண்டுபிடிக்கக் கல்லூரிகள் பயன்படுத்தும் டர்னிட்டின் மென்பொருளில் சதவீதம் குறைவாக இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். அது ஒற்றுமையை மட்டும்தான் காட்டும், தீர்ப்பு சொல்லாது. முன்பு சமர்ப்பித்த மாணவர் தாள்களோடும் ஒப்பிடும் என்பதால் சீனியர் ஃபைலும் வேண்டாம்.

இந்த முறை நான் செய்தவை:

- ஃபைல் கேட்டவர்களை மாமாக் கடைக்கு (இங்குள்ள இந்திய முஸ்லிம் உணவுக்கடை) வரச் சொன்னேன். ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்), ஒரு மணி நேரம். விளக்குவேன், அவரவர் லாப்டாப்பில் அவரவரே தட்ட வேண்டும். இது ஒன்றைச் செய்தாலே போதும் என்பேன்.
- கேள்வி கையில் கிடைத்த அன்றே அரைப் பக்கம், தப்பாக இருந்தாலும் சரி.
- எல்லாம் கூகுள் டாக்ஸில். எப்போது என்ன எழுதினோம் என்பது பதிவாகிவிடும்.
- நேரம் போதாதென்று தெரிந்தால், கெடுவுக்கு முன்பே விரிவுரையாளருக்கு மின்னஞ்சல்.

அப்புறம், இந்தத் தவணை வந்த விரிவுரையாளர் ஒன்று செய்தார். நாங்கள் அசைன்மென்ட்டைச் சமர்ப்பித்தபின் ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, "இந்த எண் எப்படி வந்தது, சொல்லு" என்று கேட்டார். முதல் அசைன்மென்ட்டில் அதைப் பார்த்த பிறகு, தவணை முடியும்வரை என்னிடம் யாரும் ஃபைல் கேட்கவில்லை.