சிங்கப்பூரிலிருந்து பெர்த்: விசா ஏஜென்ட் செய்ததும் செய்ய மறுத்ததும்

ஆஸ்திரேலியாவின் 190 விசா, அதாவது ஒரு மாநிலத்தின் நியமனத்தோடு வரும் நிரந்தரக் குடியேற்ற விசா, எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்துவிட்டது. நான் சிவில் என்ஜினியர். சிங்கப்பூரில் எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயிலின் சுரங்க நிலையங்கள் கட்டும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். மனைவி, ஒன்பது வயது மகன் என்று மூன்று பேரும் இங்கே நிரந்தரவாசிகள். விசா வந்த செய்தி தெரிந்ததும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஏஜென்ட் வைத்தீர்களா, அதற்குக் கொடுத்த காசு தகுமா? போனில் அரைகுறையாகச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

வைத்தேன், தகும். ஆனால் யாரை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் போனது ஒரு ஹோட்டலில் நடந்த இலவசக் கருத்தரங்குக்கு. என் வயதையும் படிப்பையும் கேட்டுவிட்டு, ஐந்து நிமிடத்தில் ஒரு தாளில் விசாவுக்குத் தேவையான தகுதிப் புள்ளிகளைக் கூட்டி, "விசா நூறு சதவீதம் உறுதி, இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்றார்கள். உங்கள் பதிவு எண் என்ன என்று கேட்டேன். ஒரு எண்ணைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அது வேறு யாரோ ஒருவருடைய எண். அந்தப் பக்கம் அப்புறம் போகவில்லை.

இந்தப் பதிவு எண் விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் காசு வாங்கிக்கொண்டு விசா ஆலோசனை சொல்ல வேண்டுமானால், அந்த நாட்டு வழக்கறிஞராக இருக்க வேண்டும், அல்லது ஓமாரா என்ற அரசு அமைப்பில் குடியேற்ற முகவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்தவருக்கு ஏழு இலக்கத்தில் ஒரு மார்ன் எண் இருக்கும். ஓமாராவின் இணையப் பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டால் பெயர், ஊர் எல்லாம் வந்துவிடும். சிக்கல் எங்கே என்றால், ஆஸ்திரேலியாவுக்கு வெளியே உட்கார்ந்து இதே வேலையைச் செய்பவர்களுக்கு இந்தப் பதிவு கட்டாயம் இல்லை. அதனால் சிங்கப்பூரிலோ சென்னையிலோ பெயர்ப்பலகை மாட்டியிருப்பவர் பதிவு இல்லாமலே இருக்கலாம். ஏதாவது தவறாகப் போனால் அவர் மேல் புகார் கொடுக்க ஓமாராவுக்குப் போக முடியாது. பதிவு பெற்றவருக்கோ நடத்தை விதிகள் உண்டு. வேலை தொடங்கும் முன் எழுத்தில் ஒப்பந்தம் தர வேண்டும், கட்டணத்தைச் சொல்லிவிட வேண்டும், விசா கிடைத்தே தீரும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "நூறு சதவீதம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

கனடாவுக்குப் போக நினைப்பவர்களும் நியூசிலாந்துக்குப் போக நினைப்பவர்களும் அந்தந்த நாட்டுப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். நியூசிலாந்து இதில் கறாரானது. அந்த நாட்டுக்கு வெளியே இருந்து ஆலோசனை சொல்பவருக்கும் பொதுவாக உரிமம் வேண்டும்.

கடைசியில் நான் வைத்தது மெல்பர்னில் இருக்கும் ஓர் அக்காவை. யாழ்ப்பாணத்தவர். முதல் ஆலோசனைக்கே கட்டணம் வாங்கினார். அந்த வீடியோ அழைப்பு முழுக்க என் வேலை வரலாற்றைத்தான் கேட்டார். எந்த மாதம் சேர்ந்தீர்கள், என்ன பதவி, எந்த பாஸில் (வேலை அனுமதியில்) இருந்தீர்கள், சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக. கருத்தரங்கில் யாருமே கேட்காத கேள்விகள்.

விஷயம் இதுதான். கடைசி 10 வருடத்தில் 8 வருடம் தகுதியான வேலையில் இருந்திருந்தால் 15 புள்ளி. 5 வருடத்துக்கு மேல், 8க்குக் கீழ் என்றால் 10. அந்தப் பத்து வருடத்தின் தொடக்கத்தில் நான் எஸ் பாஸ் என்ற இடைநிலை வேலை அனுமதியில் சைட் சூப்பர்வைசராகத்தான் இருந்தேன். படித்தது பி.இ. என்றாலும் பார்த்தது என்ஜினியர் வேலை இல்லை, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார் அக்கா. அதைக் கழித்தால் எட்டு வருடம் நிறைய இன்னும் சில மாதம் பாக்கி இருந்தது. சரி, காத்திருக்கலாம் என்றால் வயது இருக்கிறது. 33 முதல் 39 வரை வயதுக்கு 25 புள்ளி. 40 ஆகிவிட்டால் 15 தான். எனக்கு 39 நடந்துகொண்டிருந்தது. எட்டு வருடம் நிறையும் நாளுக்கும் நாற்பதாவது பிறந்த நாளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குள், விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஆஸ்திரேலிய அரசின் அழைப்பு வர வேண்டும், அதற்கு முன்பே மற்ற எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். புள்ளியைக் கூட்டிச் சொல்லி அழைப்பு வாங்கிவிட்டு, பிறகு ஆவணத்தால் நிரூபிக்க முடியாமல் போனால் விசா மறுக்கப்படும், கட்டிய கட்டணமும் திரும்பாது. குடும்பத்துக்கே சேர்த்து ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலிய டாலர் அது. அவருக்குக் கொடுத்த காசு அந்த ஒரு கணக்கிலேயே எனக்கு வந்துவிட்டது.

எல்லோருக்கும் ஏஜென்ட் தேவை என்று சொல்லமாட்டேன். ஒரே கம்பெனி, ஒரே பதவி, காகிதமெல்லாம் சுத்தமாக இருந்தால் நீங்களே செய்யலாம். விண்ணப்பப் பக்கம் எளிமையாகத்தான் இருக்கிறது. படிவம் நிரப்புவதற்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். உங்கள் வரலாற்றில் முடிச்சு இருந்தால் அதை அவிழ்க்கக் கொடுங்கள்.

என்னை அதிகம் உழைக்க வைத்தது சிடிஆர் என்ற திறன் விளக்க அறிக்கை. என்ஜினியர்களின் தகுதியை என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற அமைப்புதான் மதிப்பிடுகிறது. என்ஜினியரிங் பட்டப் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா முழு உறுப்பினரானது 2014இல். நான் பட்டம் வாங்கியது அதற்கு வெகு முன்னால். ஆகவே செய்த வேலைகளைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் ஆயிரம் முதல் 2,500 வார்த்தை. கூடவே 16 திறன்கூறுகள் கொண்ட ஒரு சுருக்கப் பட்டியல், எந்தத் திறன் எந்தப் பத்தியில் தெரிகிறது என்று காட்டுவதற்கு.

இதை எழுதித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் ஏராளம். சைட்டில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் மாதிரிக் கட்டுரைகளை வாட்ஸாப்பில் அனுப்பி வைத்தான். அக்காவிடம் கேட்டதும், "தம்பி, இதை நான் எழுதித் தரமாட்டன். நீங்கள் செய்த வேலை, நீங்கள்தான் எழுதோணும்" என்று முடித்துவிட்டார். வேறு இடத்திலிருந்து எடுத்தது என்று கண்டுபிடித்தால் நிராகரிப்பதோடு நிற்காமல், திரும்ப விண்ணப்பிக்கவும் தடை போடுவார்கள்.

என் முதல் கட்டுரை ஒரு நிலையத்துக்கான ஆழமான குழி தோண்டிய வேலை பற்றியது. காலாங் பகுதியின் கடற்களிமண்ணில் தோண்டுவது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவர் உள்ளே சாயச் சாய, சாய்வை அளக்கும் இன்க்ளினோமீட்டர் கருவியின் அளவுகளைத் தினமும் பார்த்து, சுவருக்கு முட்டுக் கொடுக்கும் அடுத்த ஸ்ட்ரட் போடும் வரை தோண்டுவதை நிறுத்த வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும். அதை நான் விரிவாக எழுதி அனுப்பினேன். அக்கா ஓரத்தில் சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்பினார்: "ஆர் கணக்குப் போட்டது? ஆர் முடிவெடுத்தது? நீங்களா, கன்சல்டன்டா?" அடுத்த பத்தியிலும் அதே கேள்வி. நிறுவனத்தின் பெருமையை எல்லாம் வெட்டிவிட்டு, அன்று காலை அளவு எச்சரிக்கை அளவைத் தாண்டியபோது நான் எந்த எண்ணைப் பார்த்தேன், எந்தக் கணக்கை மறுபடி போட்டேன், யாரிடம் போய் என்ன சொன்னேன் என்று எழுதினேன். உட்லண்ட்ஸ் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதியது. இத்தனை வருடம் செய்த வேலையை அப்படி வரிவரியாகத் திரும்பிப் பார்த்ததில் எனக்கு உண்மையான நிறைவு இருந்தது.

வேலைச் சான்றுக் கடிதமும் லேசுப்பட்டதல்ல. பெயர், பதவி, சேர்ந்த தேதி மட்டும் போட்டு மனிதவளப் பிரிவு கொடுக்கும் ஒரு பக்கக் கடிதம் போதாது. என்னென்ன பொறுப்புகள், முழு நேரமா என்பதெல்லாம் வேண்டும். எங்கள் புராஜெக்ட் மேனேஜர் பொறுப்புகளை எழுதி, அதில் மனிதவளப் பிரிவு கையெழுத்துப் போட்டது. கடிதத்தை உறுதி செய்ய மூன்றாம் தரப்பு ஆவணமும் தேவை. அதில் சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு நல்ல வசதி: வருமான வரி மதிப்பீட்டு அறிக்கை, மத்திய சேமநிதிச் சந்தா விவரம் இரண்டையும் சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளக் கணக்கு மூலம் எடுத்துவிடலாம்.

ஆங்கிலத் தேர்வில் உயர்ந்த நிலை வந்தால் 20 புள்ளி. மனைவி சாதாரண நிலை எடுத்தாலும் 5. அதோடு தமிழுக்கே 5 புள்ளி உண்டு என்று அக்கா சொல்லித்தான் தெரியும். நாட்டி என்ற அமைப்பு நடத்தும் சிசிஎல் தேர்வு அது. ஆங்கிலம் பேசுபவர் ஒருவர், தமிழ் பேசுபவர் ஒருவர், இரண்டு உரையாடல்கள். ஒவ்வொரு துண்டையும் கேட்டு உடனே மற்ற மொழியில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உரையாடலிலும் 45க்கு 29ஆவது வர வேண்டும், மொத்தம் 90க்கு 63 எடுத்தால் தேர்ச்சி. வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மனைவி மருத்துவராகவும் வாடகை வீட்டு முகவராகவும் மாறி மாறி வாசிப்பார், நான் திருப்பிச் சொல்வேன். பள்ளியில் தமிழ் படித்த நம் ஆட்கள் யாரும் இதை விடக் கூடாது.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக ஓடியது. ஸ்கில்செலக்ட் என்ற ஆஸ்திரேலிய அரசின் இணையதளத்தில் விருப்பப் பதிவு, பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் நியமனம், அதற்கு 5 புள்ளி, அழைப்பு. அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெர்த்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சிங்கப்பூர் நேரமும் பெர்த் நேரமும் ஒன்று, விமானத்தில் ஐந்து மணி நேரம்தான். 190இல் போகிறவர்கள் அந்த மாநிலத்தில் இரண்டு வருடமாவது இருப்போம் என்று ஒப்புக்கொண்டு போகிறோம்.

காவல்துறைச் சான்று, கடைசி 10 வருடத்தில் 12 மாதம் அல்லது அதற்கு மேல் இருந்த நாடுகளிலிருந்து வேண்டும். எனக்கு சிங்கப்பூர் மட்டும் போதும். ஊட்ரம் பார்க் பக்கத்தில் இருக்கும் காவல்துறை கண்டோன்மென்ட் வளாகத்தில் கைரேகை கொடுத்தேன். மனைவி எனக்குப் பின்னால் சிங்கப்பூர் வந்தவர் என்பதால் இந்தியச் சான்றும் தேவைப்பட்டது. பாஸ்போர்ட்டில் இருந்த தஞ்சாவூர் முகவரிக்குப் போலீஸ் விசாரணை போய் முடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படி இருப்பவர்கள் இந்தச் சான்றை முதலில் தொடங்கிவிடுங்கள்.

அக்காவிடம் எனக்கு மரியாதை கூடியது அவர் பதில் சொல்ல மறுத்த இடத்தில். மகனின் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி), வீவக என்ற அரசு வீட்டுவசதிக் கழகத்தின் வீடு, மத்திய சேமநிதி பற்றிக் கேட்டேன். "அது சிங்கப்பூர்ச் சட்டம், எனக்குச் சொல்ல உரிமை இல்லை, நேரே அந்தந்த இடத்தில கேளுங்கோ" என்றார். கேட்டேன். பெற்றோர் மூலம் நிரந்தரவாசியான ஆண் பிள்ளைகளுக்குத் தேசிய சேவைக் கடமை உண்டு. அதைச் செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டால், பின்னாளில் இங்கே படிக்க, வேலை பார்க்க, திரும்ப நிரந்தரவாசம் கேட்க என்று எதற்கு விண்ணப்பித்தாலும் அது பாதகமாகும். மகனுக்காக நாம் எடுக்கும் முடிவு இது. விசாவுக்குப் பணம் கட்டும் முன்பே கணவன் மனைவி உட்கார்ந்து பேச வேண்டும். நாங்கள் பல இரவுகள் பேசினோம். அவனிடமும் பேசினோம்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாம் என்ற யோசனையும் நடக்கவில்லை. நிரந்தரவாசிகள் வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விட முடியாது. விற்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். மத்திய சேமநிதியை முழுதாக எடுக்க வேண்டுமானால் நிரந்தரவாசத்தை விட்டு ஒரேயடியாகக் கிளம்ப வேண்டும்.

கிளம்புகிறவர்கள் கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரவாசி ஒரேயடியாக வெளிநாடு போகிறார் என்றால், கடைசி வேலை நாளுக்கு ஒரு மாதமாவது முன்பு முதலாளி வருமான வரித் துறைக்கு, வரிக் கணக்கை முடிப்பதற்கான ஐஆர்21 படிவம் அனுப்ப வேண்டும். வேலையை விடுவதாகத் தெரிவித்ததிலிருந்து, வரிக் கணக்கு முடியும் வரை, சம்பளத்தையும் மற்றப் பாக்கியையும் நிறுத்தி வைப்பார்கள். பெர்த்தில் வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டுவதும் அந்த நேரத்தில்தான் வரும்.