போர்ட் பிரையாரிட்டியை எந்த ஸ்விட்ச்சில் மாற்ற வேண்டும்?

நெட்வொர்க் தேர்வுக்குப் படிக்கிற பலரும் ஸ்பானிங் ட்ரீயில் (ஸ்விட்ச்சுகளுக்கு நடுவே டிராஃபிக் வட்டமடிக்காமல் உபரிப் பாதையை அடைத்து வைக்கும் முறை) ரூட் பிரிட்ஜ், அதாவது தலைமை ஸ்விட்ச், தேர்வாகும் விதத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, போர்ட் செட்டிங் வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் படித்துவிட்டுப் போனேன். செய்முறைக் கேள்வியில் மதிப்பெண் போனது அங்கேதான்.

கேள்வி சின்னதுதான். இரண்டு ஸ்விட்ச், நடுவே இரண்டு கேபிள், 1-க்கு 1, 2-க்கு 2. மேலே இருப்பது ரூட். கீழ் ஸ்விட்ச்சில் போர்ட் 1 ரூட் போர்ட்டாக, அதாவது ரூட்டுக்குப் போகும் வழியாக, இருக்கிறது, 2 பிளாக் ஆகியிருக்கிறது. போர்ட் பிரையாரிட்டியை (போர்ட்டின் முன்னுரிமை எண்) மட்டும் மாற்றி டிராஃபிக்கை 2-வது கேபிளுக்குக் கொண்டுவர வேண்டும். நான் கீழ் ஸ்விட்ச்சின் போர்ட் 2-இல் 64 என்று போட்டேன். நிலையைக் காட்டும் ஷோ கட்டளையில் 128.2 (பிரையாரிட்டி 128, போர்ட் 2) இருந்த இடத்தில் 64.2 என்று அழகாக மாறியது, ஆனால் பக்கத்தில் பிளாக் அப்படியே நிற்கிறது. கட்டளையைத் திரும்ப அடித்து, போர்ட்டை அணைத்துப் போட்டு, எதற்கும் அசையவில்லை, நேரம்தான் போனது.

காரணம் இதுதான்: கீழ் ஸ்விட்ச் தன் ரூட் போர்ட்டை முடிவு செய்யும்போது முதலில் ரூட் வரைக்குமான மொத்தக் காஸ்ட்டை (கேபிள் வேகத்தைப் பொறுத்த பாதைச் செலவு) பார்க்கும், அது சமமானால் பிபிடியூ (ஸ்விட்ச்சுகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் ஸ்பானிங் ட்ரீ செய்தி) அனுப்பிய ஸ்விட்ச்சின் ஐடியை, அதுவும் ஒன்றேயானால் அனுப்பிய ஸ்விட்ச்சின் போர்ட் ஐடியை (பிரையாரிட்டியும் போர்ட் எண்ணும் சேர்ந்தது) பார்க்கும். அனுப்புவது மேல் ஸ்விட்ச். அதனால் 64-ஐ அங்கே, அதன் போர்ட் 2-இல் போட வேண்டும். காஸ்ட் அப்படியில்லை, பிபிடியூவை வாங்குகிற போர்ட்டில் கூட்டப்படுவது அது, கீழ் ஸ்விட்ச்சிலேயே மாற்றினால் போதும். கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்த பிறகே எந்த ஸ்விட்ச்சில் உட்காருவது என்று முடிவு செய்யுங்கள். இரண்டிலும் சிறிய எண்ணுக்குத்தான் வெற்றி, பிரையாரிட்டி 16-இன் மடங்காக இருக்க வேண்டும், சில ஸ்விட்ச்சுகளில் 64-இன் மடங்கு.

காஸ்ட்டில் இன்னொன்று. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 19, 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு 4 என்பது பழைய கணக்கு. புதிய கணக்கில் 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு 20000. ஒரு ஸ்விட்ச் பழையதிலும் இன்னொன்று புதியதிலும் இருந்தால் பாதை நாம் நினைத்தபடி அமையாது, முதலில் அதைச் சரிபாருங்கள்.

எட்ஜ் போர்ட் என்ற செட்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணினி செருகும் போர்ட்டில் போட்டால் லிசனிங், லேர்னிங் என்ற இரண்டு நிலைகளில் 15 விநாடி வீதம் 30 விநாடி காத்திருக்க வேண்டாம். கூடவே பிபிடியூ கார்டும் போட்டுவிடுங்கள், தெரியாமல் யாராவது ஸ்விட்ச்சைச் செருகினால் போர்ட் மூடிக்கொள்ளும்.

அப்புறம் பயிற்சி. மூன்று ஸ்விட்ச்சை முக்கோணமாக இணைத்து, எந்த போர்ட் பிளாக் ஆகும் என்று தாளில் எழுதிய பிறகே ஷோ கட்டளையை அடியுங்கள். தப்பானால், ரூட் யார், காஸ்ட், அனுப்பிய ஸ்விட்ச்சின் ஐடி, அதன் போர்ட் ஐடி என்ற நாலு ஒப்பீட்டில் எந்த இடத்தில் பிசகினீர்கள் என்று கண்டுபிடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள்.