ஏதென்ஸில் ஓட்டுக்கு முன்னால் ஒரு பலி

ஊர் திரும்பி இரண்டு நாளாகியும் அந்த டாக்ஸிக்காரர் மேல் கோபம் ஆறவில்லை. விமான நிலையத்திலிருந்து 9 யூரோ மெட்ரோவில் வந்து மிச்சம் பிடித்த காசெல்லாம், விடுதி வரை போன பத்து நிமிட டாக்ஸியில் போயிற்று. மீட்டர் போடவே இல்லை. 25 யூரோ கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று ராத்திரிச் சாப்பாடு ஒரே ஒரு ஸ்பனகோபிதா. கீரையும் ஃபேட்டா பாலாடைக்கட்டியும் பொதிந்து, சூடாக, மொறுமொறுவென்று இருந்தது. அதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

மறுநாள் காலை பினிக்ஸ் குன்று. டிக்கெட் கிடையாது, கூட்டமும் இல்லை. எல்லோரும் எதிரே அக்ரோபோலிஸ் கோயில் குன்றுக்கான வரிசையில் நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஏதென்ஸ் குடிமக்கள் கூடிக் கை தூக்கி ஓட்டுப் போட்டது இந்தச் சரிவில்தான். சில தீர்மானங்களுக்கு 6,000 பேர் வந்தாக வேண்டும். பாறையையே செதுக்கிச் செய்த பேச்சு மேடை படிகளோடு நிற்கிறது.

சாமியை ஓரங்கட்டியதால்தான் மக்களாட்சி பிறந்தது என்று நினைத்திருந்தேன். சுத்தத் தவறு. கூட்டம் தொடங்குமுன் பன்றிக்குட்டியைப் பலியிட்டு, இடத்தைச் சுற்றிக் கொண்டுபோய்த் தீட்டுக் கழிப்பார்கள். அப்புறம் கட்டியக்காரர் பிரார்த்தனை சொல்லி, மக்களை ஏமாற்றிப் பேசுகிறவனுக்குச் சாபம் கொடுப்பார். விவாதத்திலும் தெய்வ காரியம்தான் முதலில்; மற்றதெல்லாம் பிறகு. கி.மு. 508-இல் கிளைஸ்தனீஸ் என்ற ஏதென்ஸ் தலைவர் மக்களைப் பத்துப் பிரிவாகப் பிரித்தபோதும், பிரிவுகளுக்குப் பெயர் தரும் வீரர்களைத் தேர்ந்தது டெல்ஃபி கோயிலின் அருள்வாக்கு. ஓட்டே இல்லாத பெண்களுக்கு, நகரத்தின் காவல் தெய்வமான அதீனாவின் தலைமைப் பூசாரிப் பதவி இருந்தது! இதை நினைத்து அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

செலவுக் கணக்கை வரிசையாக எழுத நினைத்தேன், இன்னொரு நாள் பார்க்கலாம். அகோரா என்ற பழைய சந்தைவெளியின் அருங்காட்சியகத்தை மட்டும் விடாதீர்கள். நம்ம குடவோலை மாதிரி நீதிமன்ற நடுவர்களைக் குலுக்கலில் எடுத்த கல் அங்கே இருக்கிறது. பெயர்த்தகடு செருக மெல்லிய பிளவுகள், வரிசை வரிசையாக. பக்கத்துக் குழாயில் வெள்ளை உருண்டை விழுந்தால் அந்த வரிசையில் பெயர் உள்ள எல்லோருக்கும் நடுவர் வேலை.

சாயங்காலம் மறுபடி பினிக்ஸ் ஏறினேன். மேடைக்குப் பக்கத்துப் பாறைச் சுவரில் சின்னச் சின்ன மாடங்கள். ரோமர் காலத்தில், ஓட்டுக் கூட்டமெல்லாம் இங்கே நின்றுபோன பிறகு, ஜனங்கள் கிரேக்கரின் தலைமைத் தெய்வமான ஸீயஸிடம் நோய் தீர வேண்டி, கண்ணும் மார்பும் செதுக்கிய பளிங்குத் தகடுகளைக் காணிக்கையாகக் கொடுத்த இடம் அது.