முதலில் சொல் கேட்க வேண்டும்

கிளாஸ்கோவில் சின்ன அரங்குகளில் சவுண்ட் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். சின்ன அரங்கு என்றால் மதுக்கடைக்குக் கீழே இருக்கும் நிலவறை, தேவாலயத்தை ஒட்டிய கூடம், நூறு நாற்காலி போட்டால் நிறைந்துவிடும் அறை. ராக், ஜாஸ், எலக்ட்ரானிக் என்று எல்லாவற்றுக்கும் மிக்ஸர் முன்னால் நின்றிருக்கிறேன். ஆனால் இந்தத் தொழிலில் எது முக்கியம், எது அலங்காரம் என்று எனக்குப் புரிய வைத்தவர்கள் ஸ்காட்லாந்தின் நாட்டார் பாடகர்கள்தான். அவர்களிலும் ஒருவருடைய இசைவாழ்க்கையை வேலை கற்றுக்கொள்ளும் பாடமாகவே பின்தொடர்ந்து வந்திருக்கிறேன். அவர் அலஸ்டர் ராபர்ட்ஸ். அவருக்கு நான் மைக் வைத்ததில்லை. இசைத்தட்டுகளில் கேட்டேன், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன், அவ்வளவுதான்.

ராபர்ட்ஸ் பிறந்தது 1977இல், ஜெர்மனியின் ஸ்வாபியா பகுதியில். அம்மா ஜெர்மானியர். அப்பா ஆலன் ராபர்ட்ஸ், ஸ்காட்லாந்தின் நாட்டார் இசைக் கிதார் கலைஞர். வளர்ந்தது ஸ்டெர்லிங்குக்குப் பக்கத்தில், மலைநாடு தொடங்குகிற இடத்தில் இருக்கும் கேலண்டர் என்ற சிற்றூரில். தொண்ணூறுகளின் நடுவில் நண்பர்களோடு சேர்ந்து 'அப்பெண்டிக்ஸ் அவுட்' என்ற குழுவைத் தொடங்கினார். அமெரிக்கப் பாடகர் வில் ஓல்டாம் கையில் போய்ச் சேர்ந்த ஒரு டெமோ பதிவு, சிகாகோவின் டிராக் சிட்டி என்ற சிறு நிறுவனத்தின் கதவைத் திறந்தது. அதற்குப் பிறகு அவருடைய பெரும்பாலான ஆல்பங்கள் அந்த ஒரே நிறுவனத்தின் வழியாகத்தான் வந்திருக்கின்றன. பெரிய நிறுவனத்துக்குத் தாவவில்லை, பெருநகரத்துக்குக் குடிபெயரவில்லை. கிளாஸ்கோவில் இருந்துகொண்டு வேலை செய்தார்.

இவரை விமர்சகர்கள் 'பரிசோதனை' இசைக்காரர் என்று எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டுக் கேட்பவர்கள் வினோதமான ஓசைகளைத் தேடி ஏமாறுவதும் உண்டு. என் காதுக்கு அவருடைய பரிசோதனை வேறு இடத்தில் நடக்கிறது. பல தலைமுறைகள் பாடிவந்த ஒரு கதைப்பாடலை அவர் முடிந்துபோன பொருளாகப் பார்ப்பதில்லை. அதில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று நம்பித் தொடுகிறார். அவர் சொந்தமாக எழுதும் பாடல்களிலோ பழைய கதைப்பாடல்களின் சொற்றொடர்களும் தொன்மங்களும் நடையும் வந்து கலந்துகொண்டே இருக்கும். 2009இல் வந்த 'ஸ்பாய்ல்ஸ்' ஆல்பத்தை இசை தெரிந்த ஒருவருக்கு, யார் பாடல் என்று சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். எந்த வரி முன்னூறு ஆண்டுப் பழையது, எது போன வருடம் எழுதியது என்று பிரித்துச் சொல்ல அவர் திணறுவார்.

2001இல் இந்த இரண்டு பாதைகளும் அவருக்குத் தெளிவாகப் பிரிந்தன. குழுவின் கடைசி ஆல்பம் அந்த ஆண்டு வந்தது. அதே ஆண்டில் தனியாக, மரபுப் பாடல்கள் மட்டும் கொண்ட 'த க்ரூக் ஆஃப் மை ஆர்ம்' வந்தது. பிறகு 2003இல் சொந்தப் பாடல்கள், 2005இல் மரபு, 2007லும் 2009லும் சொந்தம், 2010இல் மறுபடி மரபு என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு பக்கம் எழுதிக் களைத்தால் மறு பக்கம் வந்து பழைய பாடல்களிடம் பயிற்சி எடுத்துக்கொள்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். தொழில்வாழ்க்கை என்றால் ஏணி என்று பழகிப்போனவர்களுக்கு இந்த வடிவம் சட்டென்று பிடிபடாது. எனக்கும் வெகுநாள் கழித்துத்தான் பிடிபட்டது.

நான் அதிகம் கேட்டது 2005இல் வந்த 'நோ எர்த்லி மேன்'. தயாரித்தவர் அதே வில் ஓல்டாம். எட்டுப் பாடல்கள், எல்லாமே மரணத்தைச் சுற்றியவை. உடன்பிறந்தவனைக் கொல்லும் சகோதரன், பெற்ற பிள்ளைகளைக் கொல்லும் தாய், பிணத்தருகே விழித்திருந்து பாடும் பாட்டு. முதல் பாடல் 'லார்டு ரொனால்டு'. ஹார்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை தொகுத்து வெளியிட்ட 305 கதைப்பாடல்களில் இதற்கு எண் 12. பல பெயர்களில் ஐரோப்பா முழுக்கப் பாடப்பட்ட கதை. வேட்டையிலிருந்து திரும்பிய மகனைத் தாய் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறாள். எங்கே போனாய், என்ன சாப்பிட்டாய், உன் நாய்கள் எங்கே. மகன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, படுக்கையை விரி, எனக்கு முடியவில்லை என்கிறான். சாப்பாட்டில் விஷம் வைத்தது காதலி என்பது கேள்வி பதிலுக்கு நடுவில் மெல்லத் தெரியவருகிறது. பாடகர் கதை சொல்வதில்லை. இரண்டு பேர் பேசுவதை நமக்குக் கேட்க வைக்கிறார்.

இந்த மாதிரிப் பாட்டுக்கு மைக் வைப்பவன் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. பாடுவது ஒரே குரல். நாடக நடிகரைப் போலத் தாய்க்கு ஒரு குரல், மகனுக்கு ஒரு குரல் என்று மாற்றுவதில்லை. நல்ல கதைப்பாடல் பாடகர்கள் யாருமே நடிக்க மாட்டார்கள். முகத்தில்கூட எதுவும் காட்டாமல், செய்தி சொல்வதைப் போலப் பாடிக்கொண்டு போவார்கள். ஆனால் கேள்வி வரும்போது மூச்சு சற்று முன்னால் தள்ளும், பதிலில் பின்வாங்கும். அந்த ஏற்ற இறக்கம் மிக நுட்பமானது. ராக் குழுவுக்குச் செய்வதைப் போலக் குரலில் கம்ப்ரஸரை அழுத்திப் போட்டால், உரத்ததும் மெல்லியதும் ஒரே மட்டத்துக்கு வந்து, தாயும் மகனும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள். கதை அங்கேயே செத்துவிடும். அதனால் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரில் விரலை வைத்துக்கொண்டு கூடவே போவேன். இயந்திரம் செய்வதைக் கை செய்ய வேண்டும். கை செய்வதற்குப் பாட்டு தெரிந்திருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் சொல்லுக்கு இடம் விடுகிற வேலை. குரல் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடுவேன். அங்கே இருப்பது மேடைப் பலகையின் அதிர்வும் காலால் தாளம் தட்டும் சத்தமும்தான். கிதாரின் உடல் 200 ஹெர்ட்ஸ் பக்கம் உப்பிக்கொண்டு குரலை மூடும், அதைக் கொஞ்சம் குறைப்பேன். மெய்யெழுத்துகளின் கூர்மை 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. கிதார் அந்த இடத்தில் மினுங்கினால் கேட்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மினுக்கம் சொற்களைத் தின்றுவிடும். ஸ்காட்ஸ் மொழியில் நாக்கை உருட்டும் றகரமும் தொண்டையிலிருந்து வரும் உரசலும் பாட்டின் எலும்பு. உள்ளூர்க்காரர்களே பல சொற்களைக் காதைத் தீட்டிக்கொண்டுதான் பிடிக்கிறார்கள். அவர்களுக்கும் மழுங்கலாகக் கேட்டால், இரண்டாவது கண்ணியிலேயே கூட்டத்தின் கவனம் போய்விடும். இருபது கண்ணிப் பாட்டு அதற்கப்புறம் வெறும் மெட்டு.

நாட்டார் பாடகர்களின் சவுண்ட் செக் சீக்கிரம் முடியும். குரலுக்கு எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் வேண்டாம் என்பார்கள் பலர். தன் குரலைத் தானே கேட்க மேடையில் வைக்கும் மானிட்டரே வேண்டாம் என்பவர்களும் உண்டு. நேரத்தை விழுங்குவது மேடைக்கு வெளியே நடக்கும் காரியங்கள். பீர் குளிரூட்டியின் ரீங்காரம், சமையலறைப் புகைபோக்கி விசிறி, கண்ணாடிக் குவளை கழுவும் இயந்திரம். பாட்டு நடக்கும்போது ஐஸ் அள்ளாதீர்கள் என்று மதுக்கடைப் பணியாளர்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பேன். அவர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகவே ஒத்துழைப்பார்கள். சிலர் கதவோரம் நின்று கேட்கவும் தொடங்கிவிடுவார்கள். துணைவாத்தியம் இல்லாமல் தனிக்குரலில் பாடும் ஒருவருக்காக அந்த அறை முழுதும் அடங்குகிற நேரத்தில்தான் இந்தத் தொழிலுக்கு வந்ததன் காரணம் எனக்கு விளங்கும்.

இந்தக் காது எனக்குக் களப்பதிவுகளிலிருந்தும் வந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951இல் ஸ்காட்டிஷ் ஆய்வுகளுக்கான பள்ளி தொடங்கப்பட்டது. ஹேமிஷ் ஹெண்டர்சன் போன்ற பாடல் சேகரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு பண்ணைகளுக்கும் நாடோடிச் சமூகத்தவரின் கூடாரங்களுக்கும் போனார்கள். 1953இல் அபர்டீன் நகரத்தில் ஹெண்டர்சன் சந்தித்த ஜீனி ராபர்ட்சன் அப்படிக் கிடைத்த பெரும் குரல். ஊரார் மதிக்காமல் ஒதுக்கிவைத்திருந்த நாடோடிச் சமூகம்தான் அந்த நாட்டின் பழம்பாடல்களைப் பத்திரமாக வைத்திருந்தது என்பதை அந்தப் பதிவுகள் உலகத்துக்குக் காட்டின. அவற்றில் கணிசமானவை இன்று 'டோபர் அன் டுவால்கஸ்' என்ற இணையக் காப்பகத்தில் எவரும் கேட்கும்படி இருக்கின்றன. எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களை நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன். அடுப்பங்கரைச் சத்தமும் இருமலும் பேச்சும் ஊடே வரும். ஆனாலும் ஒரு சொல்கூடத் தப்பாது, ஏனென்றால் பாடியவர் எதிரில் இருந்த ஒரு மனிதருக்குச் சொல்வதைப் போலப் பாடியிருக்கிறார். ராபர்ட்ஸும் அவர் தலைமுறைப் பாடகர்களும் இந்தக் கிணற்றில்தான் நீர் இறைக்கிறார்கள்.

வருமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் ஒரு கலைஞரின் பணிவாழ்க்கையைப் பேசுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. மரபுப் பாடலுக்கு உரிமையாளர் கிடையாது. தான் அமைத்த இசையொழுங்கை மட்டும் பாடகர் தன் பெயரில் பதிவு செய்து அதற்கான உரிமைத்தொகையைப் பெறலாம். சின்ன அரங்கில் நுழைவுக்கட்டணத்தில் கிடைப்பது பெட்ரோலுக்கும் தங்குமிடத்துக்கும் போகப் பெரிதாக மிஞ்சாது. இடைவேளையில் மேசை போட்டு விற்கும் இசைத்தட்டுகள்தான் பலருக்கு அன்றைய இரவின் மிச்சம். பாடி முடித்த களைப்பில், வியர்வை காயாமல், அந்த மேசைக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவரிடமும் மரியாதையாகப் பேசும் பாடகர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடுகிறது.

இப்படிப்பட்ட பொருளாதாரத்தில் ஒருவர் முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது கூட்டுவேலையால்தான். ராபர்ட்ஸின் பட்டியலைப் பார்த்தால் அது தெரியும். லூயிஸ் தீவைச் சேர்ந்த மாரி மோரிசனோடு 2012இல் 'உர்ஸ்டன்', கேலிக் மொழியும் ஸ்காட்ஸ் மொழியும் பக்கத்துப் பக்கத்தில் ஒலிக்கும் ஆல்பம். கவிஞர் ராபின் ராபர்ட்சனோடு 2013இல் 'ஹிர்டா சாங்ஸ்'. அட்லாண்டிக்கில் தனித்துக் கிடக்கும் செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தைப் பற்றியது அது. அங்கே மிஞ்சியிருந்த 36 பேரும் தாங்களே கேட்டுக்கொண்டு 1930 ஆகஸ்ட் 29 அன்று வெளியேறினார்கள். எமிலி போர்ட்மன், லூசி ஃபேரல், ரேச்சல் நியூட்டன் ஆகியோரோடு 'ஃபரோ கலெக்டிவ்' என்ற குழு. நார்வே கலைஞர்களின் 'வோல்வர்' குழுவோடு 2021இல் ஒரு ஆல்பம். இவற்றில் எதுவும் புகழுக்காகச் சேர்ந்த கூட்டு மாதிரி இல்லை. ஒவ்வொன்றிலும் அவர் எதையோ கற்றுக்கொள்ளப் போயிருக்கிறார்.

என் வேலையோடு நெருக்கமான ஒன்று 2018இல் வந்த 'வாட் நியூஸ்'. எட்டுக் கதைப்பாடல்கள். டேவிட் மெக்கின்னஸ் பழங்காலக் கீபோர்டு வாத்தியங்களை வாசிக்க, ஆம்பிள் ஸ்கூஸ் மின்னணு ஒலிகளைச் சேர்க்க, ராபர்ட்ஸ் கிதாரை ஒதுக்கிவிட்டுப் பாடகராக மட்டும் நின்றார். விரல்களுக்குப் பழகிய துணையை விட்டுவிட்டு நிற்பது பாடகருக்கு எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது மேடையோரம் நிற்பவர்களுக்குத் தெரியும். சரசரப்பும் முணுமுணுப்புமாக மின்னொலி குரலைச் சுற்றி நடமாடுகிறது, ஆனால் சொல்லின் மேல் ஏறி நிற்பதில்லை. பரிசோதனை இசை என்ற பெயரில் வரும் பல பதிவுகளில் பாடகர் புகைக்குள் காணாமல் போவார். இங்கே புதிய ஓசை முழுதும் பழைய சொல்லைத் தெளிவாக்கவே உழைக்கிறது. ஹெட்போனில் இதைக் கேட்டபிறகுதான் சொல்லைத் திருப்பி ஒலிக்கும் டிலேயும் ரிவெர்ப்பும் கேட்கும் இளம் பாடகர்களிடம் நான் மறுப்பதை நிறுத்தினேன். எந்தக் கண்ணியில் வேண்டும், எதற்காக என்று மட்டும் கேட்கிறேன். காரணம் சொல்லத் தெரிந்தவர்களுக்கு என்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்து தருகிறேன்.

அப்படிக் காரணம் சொல்லத் தெரிந்த பாடகர்கள் இப்போது இங்கே நிறைய வருகிறார்கள். கிளாஸ்கோவில் 'குவினி' என்ற பெயரில் பாடும் ஜோசி வாலெலி, நாடோடிச் சமூகப் பாடகிகளின் பாணியை ஊன்றிக் கற்றவர். ஸ்காட்ஸில் பாடுகிறார், துணைவாத்தியம் இல்லாமலும் பாடுகிறார். இவர்களைக் கேட்க வரும் கூட்டத்தில் இருபது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். பல்லவி வரும்போது அவர்களும் கூடப் பாடுகிறார்கள், அப்போது மேடை ஒலியை நான் சற்றுத் தாழ்த்திவிடுவேன்.

ராபர்ட்ஸ் 2023இல் மறுபடி மரபுப் பாடல்களுக்குத் திரும்பி, ஏறக்குறையத் தனியாளாக ஒரு ஆல்பம் தந்தார். பெரும்பாலும் குரலும் கிதாரும்தான். நாற்பத்தைந்தைத் தாண்டிய குரல், 2001இல் கேட்டதைவிட நிதானம் கூடியிருக்கிறது. அவசரமே இல்லாமல் கண்ணி கண்ணியாகப் போகிறார். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கும்படி, என்னோடு இப்போது வேலை கற்றுக்கொள்ளும் பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை தனிக்குரலில் பாடும் ஒருவரின் கச்சேரியை அவள் முதல்முறையாகத் தனியாகக் கவனிக்கப் போகிறாள். பாடல்வரிகளைப் பாடகரிடம் கேட்டு வாங்கி, இப்போதே படிக்கத் தொடங்கிவிட்டாள்.